கடப்பா தரையை மீட்கும் கைத்தொழில்

தர்மபுரி மாவட்டத்தில் கல் வேலை என்றால் கிரானைட். குவாரி, கட்டிங், பாலிஷ், லாரி லோடு என்று ஏதாவது ஒரு வகையில் கிரானைட்டோடு தொடர்புள்ள ஆள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதே மாவட்டத்தில், மொரப்பூரிலும் அரூரிலும் தர்மபுரி டவுனிலும் 1980, 90களில் கட்டிய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கூடத்திலும் சமையலறையிலும் காலடியில் கிடப்பது பெரும்பாலும் கடப்பா கல். அலமாரித் தட்டும் அதுதான், மாடிப்படியும் அதுதான். சில வீடுகளில் தாண்டூர், ஷாகாபாத். கொஞ்சம் வசதியாகக் கட்டியவர்கள் கோட்டா கல் போட்டிருப்பார்கள். இந்த நான்குமே சுண்ணாம்புக் கல் வகை. கிரானைட்டுக்கும் இவற்றுக்கும் குணத்தில் ஒட்டே கிடையாது.

இந்தத் தரைகளுக்கு இப்போது வயது முப்பது, நாற்பது. மங்கிப்போயின, வெள்ளை படிந்தன, இணைப்புகள் பெயர்ந்தன. வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றே ஒன்று: "உடைத்துவிட்டு டைல்ஸ் போடுங்கள்." டைல்ஸ் போடத் தெரிந்தவர் பத்துப் பேர் கிடைக்கும் இடத்தில், கிடக்கிற கல்லையே சரிசெய்து தருகிறேன் என்று சொல்லும் ஆள் கிடைப்பது அரிது. அந்த ஆளாக நீங்கள் ஆகலாம். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர், டைல்ஸ் வேலை தெரிந்தவர், கிரானைட் பட்டறையில் மெஷின் பிடித்துப் பழகியவர், ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர் என்று யாரும் இதில் இறங்கலாம். போடும் முதலைவிடக் கற்றுக்கொள்ள வேண்டிய கவனம் அதிகம். அந்தக் கவனம் எங்கெங்கே வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கல்லை அடையாளம் காணுங்கள்

கறுப்பாக இருப்பதெல்லாம் கடப்பா இல்லை. கறுப்பு கிரானைட்டும் கறுப்புதான். தேய்ந்த தரையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் இரண்டின் கடினமும் வேறு. சுண்ணாம்புக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 3. கிரானைட் 6லிருந்து 7 வரை வரும். எஃகுக் கத்தி சுமார் ஐந்தரை. கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் கத்தி முனையால் ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் சுண்ணாம்புக் கல். கத்திதான் தேய்ந்து சாம்பல் தடம் விட்டதென்றால் கிரானைட்.

இரண்டாவது சோதனை எலுமிச்சைச் சாறு. சுரண்டிய பொடி மேல் ஒரு சொட்டு விடுங்கள். சின்னக் குமிழ்கள் கிளம்பினால் அது கால்சியம் கார்பனேட், சந்தேகமே வேண்டாம். பொடியாகச் சுரண்டியபின் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. சில கடப்பா பலகைகளில் சிலிக்கா கூடுதலாக இருக்கும், மேல்பரப்பில் விட்டால் குமிழ் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சோதனை முடிந்த கையோடு அந்த இடத்தைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்திருப்பதும் தொழிலுக்கு உதவும், வாடிக்கையாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். கடப்பா கல் ஆந்திராவின் கடப்பா, கர்நூல் வட்டாரத்துக் கல். நிலவியலாளர்கள் அங்குள்ள நார்ஜி என்ற ஊரின் பெயரால் நார்ஜி சுண்ணாம்புக் கல் என்று ஓர் அடுக்கையே அழைக்கிறார்கள். தாண்டூர் தெலங்கானாவில் விகாராபாத் மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே நீலச் சாம்பலும் மஞ்சளும் கிடைக்கும். ஷாகாபாத் கர்நாடகாவின் கலபுரகி மாவட்டம். கோட்டா ராஜஸ்தான். எல்லாமே அடுக்கடுக்காகப் படிந்து உருவான கற்கள். அதனால்தான் குவாரியில் பலகை பலகையாகப் பிளந்து எடுக்க முடிகிறது. அதனாலேயே சில தரைகளில் மேல் அடுக்கு செதில் செதிலாகப் பெயரவும் செய்கிறது. இப்படிச் செதில் விடும் கல்லில் மெஷின் ஏற்றினால் பெயர்ச்சி இன்னும் பெரிதாகும். அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆசிட் என்ன செய்கிறது

இந்த மாவட்டத்தில் கல்தரையைக் கெடுக்கும் முதல் காரணம் போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்கக் காவிரித் தண்ணீர் வந்தாலும், வீடு கழுவுவது இன்னும் பல இடங்களில் போர் தண்ணீரால்தான். உப்புத் தண்ணீர் தரையில் நின்று காயும்போதெல்லாம் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தங்கும். குழாயடியிலும், குடம் வைக்கும் இடத்திலும், வாஷிங் மெஷின் பக்கத்திலும் அது கெட்டியாகிப் பாறைபோல ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து நடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தேய்த்தால் போகாத வெள்ளைக் கறைக்குக் கடையில் ஆசிட் பாட்டில் வாங்குகிறார்கள், இல்லையென்றால் கழிப்பறை கழுவும் திரவத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றியவுடன் சுர்ரென்று நுரை பொங்கும். அழுக்கு கிளம்புகிறது என்று மனசுக்குத் திருப்தி. உண்மையில் கிளம்புவது கல். போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் படலத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கடப்பா கல்லும் கால்சியம் கார்பனேட். கறையைக் கரைக்கும் ஆசிட் கல்லையும் சேர்த்தே கரைக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கறை போனபின் அந்த இடம் சாம்பல் பூத்து, சொரசொரப்பாகி, முன்னைவிட வேகமாக அழுக்கைப் பிடிக்கும். பிடித்ததும் மறுபடி ஆசிட்.

கிரானைட் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கிரானைட் மேல் சாதாரண ஆசிட் துடைத்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் கடப்பா தரைக்கும் அதையே செய்து, முழு வீட்டின் தரையையும் ஒரே மதியத்தில் மங்கடித்துவிடுவார்கள். எலுமிச்சை, புளித்தண்ணீர், வினிகர், சோடா பானம் எல்லாமே அளவில் சின்ன ஆசிட்தான். சமையல் மேடையில் புளிக்கரைசல் சிந்திய வட்டத்தைப் பாருங்கள்: துடைத்தாலும் போகாத ஒரு மங்கல். அதைக் கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டிருப்பார்கள். அங்கே போகவேண்டிய பொருள் எதுவும் இல்லை, கல்லின் மேல்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறது. தேய்த்து மறுபடி பாலிஷ் ஏற்றினால்தான் சரியாகும்.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் தொழிலின் பாதி. குனிந்து, சன்னல் வெளிச்சம் தரையில் சாய்ந்து விழும் திசையில் பாருங்கள். கல்லின் நிறம் மாறியிருந்து பளபளப்பு அப்படியே இருந்தால் கறை உள்ளே இறங்கியிருக்கிறது. நிறம் மாறாமல் பளபளப்பு மட்டும் செத்திருந்தால் ஆசிட் அரிப்பு. விரல் நகத்தால் வருடும்போது மேடு தட்டினால் உப்புப் படிவு. சுவரோரமாக மாவு போலப் பூத்து, துடைத்தபின் மறுவாரம் திரும்பவும் பூத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. கடைசியாகச் சொன்னது தரை வேலையால் தீராது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே எந்தப் பூச்சு பூசினாலும் அது உரிந்து வரும். "இது என் வேலை இல்லைங்க, முதல்ல கொத்தனார வெச்சு ஈரத்த நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு வரும் தைரியம் வேண்டும். அன்றைக்குச் சம்பளம் போகும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து போன் வரும்.

நாணயத்தால் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை பிடித்திருக்கிறது. டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்டால் அந்தப் பலகை மெஷினின் எடையில் விரிசல் விடலாம். சாக்பீஸால் அடையாளம் போட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, போட்டோ எடுத்து வையுங்கள்.

வேலை நடக்கும் விதம்

முதல் நாள் சுத்தம் மட்டும். நடுநிலை பிஹெச் உள்ள திரவம், அதாவது அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் 7ஐ ஒட்டியது, வெதுவெதுப்பான தண்ணீர், நைலான் பிரஷ். உப்புப் படிவு கெட்டியாக இருக்கும் இடத்தில் பிளேடைப் படுக்க வைத்து மெதுவாகச் சீவி எடுங்கள். மீதியை 400 நம்பர் பேடால் கையிலேயே தேய்க்கலாம்.

கறைகளுக்குப் பற்று போட வேண்டும். சாக் பவுடரோ முல்தானி மட்டியோ எடுத்து, கறைக்கு ஏற்ற திரவத்தில் குழைத்து, அரை அங்குல கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒருநாள் விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துப் பற்றைக் காயவிடுங்கள். காயும்போதுதான் அது கறையை மேலே இழுக்கும், அவசரப்பட்டு ஈரத்தோடு சுரண்டினால் பலன் பாதி. எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன். அதைத் தொடும்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். டீ, காபி, மஞ்சள் போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. கறுப்புக் கடப்பாவில் பெராக்சைடு நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கக்கூடும், அதனால் மூலையில் சோதித்துவிட்டுத்தான் நடுக்கூடத்துக்கு வர வேண்டும். துருக்கறை பிடிவாதமானது. துரு நீக்கி என்று கடையில் விற்பவற்றில் பல ஆசிட் வகை, லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது இணைப்பு. பழைய கலவை உதிர்ந்த இடைவெளிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கல்லின் நிறத்துக்குப் பக்கமாக வண்ணப்பொடி கலந்த சிமெண்டாலோ எபாக்சியாலோ நிரப்புங்கள். இதை மெஷின் ஏற்றுவதற்கு முன் செய்தால்தான் தேய்க்கும்போது கல்லோடு சமமாக வரும். நிரப்பியது முழுக்க இறுகும்வரை பொறுத்திருங்கள்.

இப்போது தேய்ப்பு. பழைய மொசைக் பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் கார்போரண்டம் கல்லும் உண்டு, இப்போது பரவலாக வந்துவிட்ட டைமண்ட் பேடும் உண்டு. எதுவானாலும் தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். எந்த நம்பரில் தொடங்குவது என்பதில்தான் கை தெரியும். பலகைகள் மேடும் பள்ளமுமாகக் கிடந்தால் மட்டுமே 50, 60 நம்பர். வெறும் மங்கலும் லேசான அரிப்பும் என்றால் 220இல் தொடங்கினாலே போதும், சில தரைகளுக்கு 400கூடப் போதும். கரடான நம்பரில் ஆரம்பித்தால் அது போடும் கோடுகளை அழிக்கவே இரண்டு கட்டம் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கும், கூலியும் பேடும் வீண். ஒரு சதுர அடி இடத்தில் 400ஐ வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். அதுதான் உங்கள் தொடக்க நம்பர்.

பிறகு வரிசை: 120, 220, 400, 800, 1500, 3000. தொடங்கிய இடத்திலிருந்து ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது. 220இலிருந்து நேராக 800க்குப் போனால் அப்போதைக்குப் பளபளப்பு வந்ததுபோலத் தெரியும். சாயங்கால வெயில் சன்னல் வழியே சாய்வாக விழும்போது அத்தனை வட்டக் கோடுகளும் எழுந்து நிற்கும். ஒரு நம்பரை வடக்கு தெற்காக ஓட்டினால் அடுத்ததைக் கிழக்கு மேற்காக ஓட்டுங்கள். முந்தைய நம்பரின் கோடு மறைந்ததா என்பது இப்படி ஓட்டினால்தான் கண்ணுக்குப் புலப்படும். ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் சேற்றை முழுக்க வழித்து, தரையைக் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தரை எல்லாமே மின்னும், அதை நம்பக் கூடாது. முந்தைய நம்பரின் ஒரு மணல் துகள் சேற்றில் தங்கி 1500 நம்பர் பேடுக்கு அடியில் மாட்டினால் கூடம் முழுக்கக் கீறல் இழுக்கும்.

400இல் நிறுத்தினால் வழுக்காத மங்கல் மெருகு கிடைக்கும். குளியலறை வாசல், திண்ணை, படிக்கட்டு, வயதானவர்கள் நடமாடும் இடம் ஆகியவற்றுக்கு அதுவே சரி. வீட்டுக்காரர் கண்ணாடி மாதிரி வேண்டும் என்று கேட்டாலும் ஈரம் படும் இடத்தில் 3000 வரை ஏற்றாதீர்கள், வழுக்கி விழுவார்கள். கூடத்துக்கும் பூசையறைக்கும் ஏற்றித் தரலாம். ஓரங்களும் மூலைகளும் பெரிய மெஷினுக்கு எட்டாது. வேகம் குறைக்கக்கூடிய கை கிரைண்டரில் சின்னப் பேடு மாட்டி அதே நம்பர் வரிசையில் செய்ய வேண்டும். நடுவில் மின்னி ஓரத்தில் மங்கிய தரையைப் பார்த்தாலே அவசரக்காரர் வேலை என்று தெரிந்துவிடும்.

கடைசிக் கட்டத்தில் பாலிஷ்காரர்கள் ஆக்சாலிக் ஆசிட் பவுடர் போட்டு பஃபிங் செய்வது வழக்கம். ஆசிட்டே கூடாது என்று இவ்வளவு சொன்னபின் இதை விளக்கியாக வேண்டும். ஆக்சாலிக் ஆசிட் கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் எளிதில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டை உண்டாக்குகிறது. ஏற்கெனவே நன்றாக மெருகேறிய கல்லில், கொஞ்சமாக, மெஷின் ஓட ஓடப் போட்டு, உடனே கழுவினால் மினுமினுப்பு கூடும். கொட்டிவிட்டு ஊறவிட்டால் கல் வெந்துபோகும். தேய்ப்பில் விட்ட குறையை இந்தப் பவுடரால் மறைக்க முடியாது. உள்ளே போனால் விஷம். கையுறை கட்டாயம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியைத் திறந்து வைக்கவே கூடாது. பெரிய ஓட்டல்களிலும் மால்களிலும் கிரிஸ்டலைசேஷன் என்று ஒரு முறை நடக்கிறது. மெக்னீசியம் ஃபுளோரோசிலிகேட் உள்ள கலவையை ஸ்டீல் உல் மாட்டிய மெஷினால் தேய்ப்பார்கள். கால்சியம் உள்ள கற்களில்தான் அது வேலை செய்யும், கிரானைட்டில் செய்யாது. நகரத்துப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணெயா, சீலரா

கடப்பா தரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தடவிய அன்று ஜோராகக் கறுத்து மின்னும். ஒரு வாரத்தில் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும், பாதத் தடம் தெரியும், கோடையில் சிக்கு வாடை வரும். எண்ணெய் ஏறிய தரையில் சீலரும் பிடிக்காது. இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் மரியாதையாகச் சொல்லுங்கள். அந்தத் தரையை அவ்வளவு வருஷம் அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் அந்த வீட்டு அம்மாதான்.

சீலரில் இரண்டு வகை. மேலே படலமாக நிற்பது ஒன்று, கல்லுக்குள் ஊறி நிற்பது இன்னொன்று. தரைத்தளத்துக்கு இரண்டாவதுதான் ஏற்றது. சிலேன், சிலாக்சேன் வகை என்று லேபிளில் இருக்கும். படல வகை, அடியிலிருந்து வரும் ஈரத்தை வெளியேற விடாது, சில மாதங்களில் வெள்ளை பூத்து உரியும். சீலர் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடச் சோதனை போதும். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டுக்கு அடியில் கல் கறுத்தால் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. முத்து முத்தாக நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை. பூசுவதற்கு முன் தரை நன்றாகக் காய வேண்டும், ஒரு முழு நாளாவது விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூட. பூசிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே மிஞ்சியிருப்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், விட்டால் திட்டுத் திட்டாக இறுகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: சீலர் கறையைத் தாமதப்படுத்தும், ஆசிட்டைத் தடுக்காது. சீலர் போட்டாகிவிட்டது, இனி எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று வீட்டில் நினைத்துவிட்டால், கெட்ட பெயர் உங்களுக்குத்தான் வரும்.

உடம்பும் மின்சாரமும்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே தரையில் இருக்கும் வேலை இது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்கள் பையில் சொந்தமாக இருக்கட்டும், வீட்டு வயரிங்கை நம்ப வேண்டாம். எர்த் பின் உடைந்த பிளக்கைத் தொடாதீர்கள். கம்பி ஒட்டுப்போட்ட கேபிள் தண்ணீரில் கிடக்கக் கூடாது. கால்களுக்கு ரப்பர் பூட்ஸ், காதுக்கு அடைப்பான்.

தூசியைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லில் உள்ள சிலிக்கா தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கிரானைட்டில் ஆபத்து மிக அதிகம், சுண்ணாம்புக் கல்லில் குறைவு, இல்லாமல் இல்லை. வறட்டு கிரைண்டிங் செய்யவே கூடாது. மூலையை வெட்டும் இரண்டு நிமிட வேலைக்கும் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும், முகத்தில் என்-95 மாஸ்க் வேண்டும். கைக்குட்டை கட்டினால் அந்த நுண்தூள் நிற்காது. தேய்த்த சேற்றைச் சாக்கடைக்குழாயில் விடாதீர்கள். பக்கெட்டில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை மூட்டை கட்டி வெளியேற்றுங்கள். குழாய் அடைத்தால் அந்தச் செலவு உங்கள் கூலியில்தான் கழியும்.

விலை சொல்லும் கலை

வாசலில் நின்றபடியே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் நஷ்டத்துக்கு நேர்வழி. 10க்கு 12 அறை ஒன்று 120 சதுர அடி. அதே 120 சதுர அடி, 400 நம்பரில் தொடங்கினால் ஒரு நாள் வேலை. மேடுபள்ளம் சரிசெய்து 60இலிருந்து ஏற்றினால் மூன்று நாளும் ஆகலாம். ஆகவே முதலில் மாதிரி. கதவு மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ 2க்கு 2 அடி இடத்தை முழுசாகச் செய்து காட்டுங்கள். எத்தனை நம்பர் தேவைப்பட்டது, எவ்வளவு நேரம் ஆனது, பேடு எவ்வளவு தேய்ந்தது என்று குறித்து வைத்து, அதை முழு அறைக்கும் பெருக்குங்கள். ஓர வேலையைத் தனியாகக் கணக்கிடுங்கள், சின்ன அறைகளில் ஓரம்தான் நேரத்தைத் தின்னும். சாமான் நகர்த்துவது யார், தண்ணீரும் கரண்டும் யாருடையது, உடைந்த பலகை மாற்றினால் கூடுதல் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"ஏன் தம்பி, இத ஒடச்சுட்டு டைல்ஸே போட்டுட்டா என்ன?"

"போடலாங்கக்கா. ஒடச்ச கல்ல அள்ளிக் கொட்டுற செலவு தனி. ஒடைக்காம மேலயே போட்டா தரை ஒசந்துடும், கதவெல்லாம் அடியில அறுக்கணும். இந்தக் கல்லு ஒரு இன்ச்சு கனம் இருக்குது. நாங்க தேய்க்கிறது அதுல ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உங்க பேரன் காலத்துல இன்னொரு தடவ தேய்ச்சுக்கலாம்."

"முன்ன மாதிரியே வந்துடுமா?"

"கூடம் வந்துடுங்கக்கா. குழாயடியில அந்த ரெண்டு கல்லு ஆழமா அரிச்சுப் போச்சு, அது முழுசா வராது. மாத்துறதா, அப்படியே விட்டுடறதான்னு நீங்கதான் சொல்லணும்."

வராததை வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டால், கடைசி நாள் கூலியில் பிடித்தம் நடக்காது.

வேலை முடிந்து கிளம்பும்போது பராமரிப்பை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். தினமும் வறட்டுத் துடைப்பு, ஏனென்றால் காலோடு வரும் மண்தான் மெருகைத் தேய்க்கிறது. வாசலில் மிதியடி. வாரம் இருமுறை நடுநிலைத் திரவத்தில் ஈரத்துணி. கடைசித் துடைப்புக்கு முடிந்தால் காவிரித் தண்ணீர், முடியாவிட்டால் துடைத்தவுடன் உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுவது. புளியோ எலுமிச்சையோ சிந்தினால் தேய்க்காமல் உடனே ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுத் துடைப்பது. ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி நார் வேண்டாம்.

எங்கே கற்பது, எதில் பதிவது

இதற்கென்று தனிப் படிப்பைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். மார்பிள், மொசைக் பாலிஷ் செய்யும் குழு ஒன்றில் ஆறு மாதம் கையாளாகச் சேர்வதுதான் சிறந்த பள்ளிக்கூடம். மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் ஜோலார்பேட்டை. தர்மபுரிக்கும் அரூருக்கும் பஸ் இருக்கிறது. ஓசூர், பெங்களூரு பக்கம் மார்பிள் வேலை அதிகம், மார்பிளும் கால்சியம் கல்தான், அங்கே கற்றது கடப்பாவுக்கு அப்படியே பொருந்தும். கிரானைட் பட்டறை அனுபவமும் வீணாகாது. மெஷினைச் சமமாகப் பிடிக்கும் கை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, மாற வேண்டியது ஆசிட்டைப் பற்றிய எண்ணமும் அழுத்தத்தின் அளவும்தான்.

18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1994இல் தொடங்கிய வாரியம் இது. மொசைக் பாலிஷ், மார்பிள் மற்றும் கடப்பா கல் வேலை இரண்டுமே அதன் தொழில் பட்டியலில் இருக்கின்றன. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, 60க்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் பதிவு இருந்தால்தான். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க மறந்துவிட்டு, கையில் அடிபட்டபின் அட்டையைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

சொந்தமாகத் தொடங்கும்போது உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம், அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் உண்டு. கை கிரைண்டர், பேடு செட், ஆர்சிசிபி பாக்ஸ், வெட் வாக்குவம் இவற்றோடு ஆரம்பியுங்கள். பெரிய மெஷினை முதல் சில வேலைகளுக்கு வாடகைக்கு எடுப்பதே நல்லது. வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் கல்யாண மண்டபம், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் பில் கேட்பார்கள், அச்சடித்த பில் புத்தகம் ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். வீடுகளைவிட இந்த இடங்களில்தான் வருடாவருடம் வேலை திரும்ப வரும்.

வளைகுடா நாடுகளில் மார்பிள் பாலிஷ்காரர்களுக்கு வேலை உண்டு. போகிறவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவைச் சரிபார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டால் அந்த வாசலை விட்டு வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதியும் தேவைப்படும்.

இதெல்லாம் பிறகு. இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல் கடைக்குப் போய் உடைந்த கடப்பா துண்டுகள் ஏழெட்டுக் கேளுங்கள், சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் டீ, ஒன்றில் புளி, ஒன்றில் போர் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காயவிட்டு எடுத்த உப்பு, ஒன்றில் ஈரமான இரும்பு ஆணி என்று வேண்டுமென்றே கெடுத்து, பத்து நாள் விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பாதியை மட்டும் சரிசெய்யுங்கள், மறுபாதி அப்படியே இருக்கட்டும். கடைசித் துண்டை நம்பர் நம்பராகப் பட்டை பிரித்துத் தேய்த்து, ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் 120, 220, 400 என்று எழுதி வையுங்கள். துண்டுகளை ஒரு பலகையில் ஒட்டி வண்டியில் வைத்துக்கொண்டால், அடுத்த வீட்டில் எந்த மெருகு வேண்டும் என்று அந்த அக்காவே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.